பேனலில் முதல் பட்டன் வேண்டாம்

ஒரு பட்டனை அமுக்கினால் பிரவுசர் திறக்கிறது, இதில் சொல்வதற்கு என்னக்கா இருக்கிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், கோபம் அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது போய்விட்டது. நினைவுக்கு வந்த முகங்கள் அப்படிப்பட்டவை.

திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் சிஸ்டம் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. "சிஸ்டம் அக்கா" என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி "அப்படி யாருமில்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். என் வீட்டுக்காரரையே ஒருமுறை அனுப்பியிருக்கிறார். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மெஷினைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிவிட்டது. ஆனால் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அன்றைக்கு இருந்தது போலவேதான் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கம்பெனிகளில் சோதனை போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்கள் எம்.டி. ஒருநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நம்முளுது எல்லாம் சுத்தமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"அப்ப சுத்தம் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எம்.டி.யின் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். பாதியைச் சொல்வார், மீதியை நாம் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். தங்கமான மனிதர், ஆனால் அந்த மீதிப் பாதியை நிரப்புவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும். சுத்தம் என்றால் லைசென்ஸ் வாங்குவதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் ஆபீஸ் முழுவதையும் லைசென்ஸுக்குக் காசே கேட்காத லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன்.

மாற்றிய அன்றைக்கு ஆபீஸ் பூராவும் ஒரே கேள்வி. "ஏனுங்க்கா, ஈ எங்க போச்சு?"

பழைய மெஷினில் இன்டர்நெட் என்றால் நீல நிறத்தில் ஓர் ஆங்கில எழுத்து. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ஈ. "ஈயை அமுக்கு", "ஈ தொறக்க மாட்டேங்குது" என்றுதான் பேச்சு. "ஈக்கு மருந்து அடிச்சாச்சு, இனிமே உருண்டைதான்" என்றேன். புதிய திரையின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பட்டை ஓடும். அதற்குப் பெயர் பேனல். அந்தப் பேனலில் உலக உருண்டைப் படம் போட்ட ஒரு பட்டன் வைத்திருந்தேன். ஒரு தட்டுத் தட்டினால் பிரவுசர் திறக்கும்.

ஒரு தட்டு! இவர்கள் எல்லாம் பழைய மெஷினில் இரண்டு தட்டுத் தட்டிப் பழகியவர்கள். இரண்டு தட்டினால் இரண்டு பிரவுசர் கிளம்பும். இரண்டு கிளம்புவதால் மெஷின் திணறும். திணறுவதால் எதுவும் திறக்காது. திறக்காத கதவை மேலும் தட்டுவதுதானே மனுஷ சுபாவம்? தட்டு தட்டென்று தட்டி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு படையே திரையில் வந்து நிற்கும். பிறகு மெஷின் அசையாது. "உங்க லினக்ஸ் சரியான சோம்பேறிங்க" என்று அக்கவுண்ட்ஸில் இருந்தவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

ஒருமுறை தட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், பேப்பரில் எழுதி ஒட்டிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர்கள் கையைத் திருத்துவதைவிட என் பட்டனைத் திருத்துவது சுலபம் என்று தோன்றியது. எத்தனை தட்டுத் தட்டினாலும் ஒன்றுதான் திறக்கும் என்று செய்து வைத்தேன். எப்படிச் செய்வது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் செய்யலாமா, திட்டலாமா என்று முடிவெடுக்கிற இடம் ஒன்று வரும், அதில் தயவுசெய்து திட்டாதீர்கள். அவர்களுக்கு அன்றைக்கு முடிக்க வேண்டிய ஷிப்மென்ட் இருக்கிறது, உங்கள் பட்டனைப் படிக்க நேரமில்லை.

அதற்குள் இன்னொரு தலைவலி வந்தது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரின் வெப்சைட்டில்தான் ஷிப்மென்ட் விவரம் எல்லாம் போட வேண்டும். அந்த வெப்சைட்டை எழுதிய புண்ணியவான் ஈயைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஈயில் மட்டும்தான் அது ஒழுங்காகத் திறக்கும். நானும் என்னென்னவோ தகிடுதத்தம் செய்து, லினக்ஸுக்குள்ளேயே ஈயை வரவழைத்து, உருண்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஆக பேனலில் முதல் பட்டன் உருண்டை, இரண்டாவது பட்டன் ஈ. போன ஈ திரும்பி வந்ததில் ஆபீசுக்கு ஏக சந்தோஷம். ஒரேயொரு தொல்லை, பழக்கதோஷத்தில் உருண்டை வழியாக அந்த வெப்சைட்டுக்குள் நுழைந்துவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். பிறகு ஈ வழியாகப் போனாலும் "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்று சொல்லிக் கொஞ்ச நேரத்துக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கும்.

இனி ஜெசிந்தா கதைக்கு வருகிறேன்.

ஜெசிந்தா திசையன்விளைப் பக்கத்துப் பெண். குடும்பத்தோடு பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்து, எங்கள் அருள்புரம் யூனிட்டில் செக்கிங் டேபிளில் சேர்ந்தாள். தைத்து வரும் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும். சாயங்காலம் கால் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையாது என்பாள். அந்த வேலையோடு தபாலில் பி.காம். படித்து முடித்தாள். மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் தேவை என்றதும் தானே போய் எம்.டி.யின் அறைக் கதவைத் தட்டினாள். மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கும் தையல் ஹாலுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர்.

எம்.டி. ஓர் ஆர்டரைத் தூக்கிக் கொடுத்தார். குழந்தைகள் போடும் காலர் வைத்த டி-ஷர்ட், கழுத்துப் பட்டியில் இரண்டு பட்டன். "இது சுத்தமாப் போச்சுன்னா இந்த டேபிள் உன்றது கண்ணு. இல்லீன்னா பழைய எடம்" என்றார். அன்றைக்கு மட்டும் பேச்சைப் பாதியில் விடவில்லை.

அந்த டேபிள், தைத்த துணியைத் தேய்த்து மடித்துப் பேக் செய்யும் ஃபினிஷிங் ஹாலுக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் முதலில் இருக்கும். கம்ப்யூட்டர், ஃபோன், சக்கரம் வைத்த நாற்காலி. மானிட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு மாதா படம் ஒட்டியிருந்தாள். அவள் அதில் உட்கார்ந்திருந்த நாட்களில் எத்தனை தடவை எனக்கு ஃபோன் செய்திருப்பாள் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட எனக்கு எரிச்சல் வந்ததில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம். அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஹாலில் ஓடும் மெஷின் சத்தத்தில் ஃபோனில் சொல்வது பாதி விழும், பாதி விழாது. ஒருமுறை "நேவி" என்று சொன்ன கலர் "ஐவரி" என்று விழுந்து, துணி வேறு நிறத்தில் சாயமாகி வந்தது. அதிலிருந்து எம்.டி. ஒரு சட்டம் போட்டார். ஃபோனில் யார் எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா" என்ற பிறகுதான் ஃபோனை வைக்கலாம். எல்லாரும் கத்திப் பேசுவதால் யார் ஆர்டரில் என்ன மாற்றம் என்று சுற்றி நிற்பவர்களுக்கும் தெரிந்துவிடும். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்திருந்தோம்.

ஜெசிந்தாவின் ஆர்டர் முடிகிற நாள் வந்தது. எத்தனை பீஸ் கப்பலில் போகிறது என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பையரின் வெப்சைட்டில் போட்டாக வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டால் மாற்ற முடியாது. நான் நல்லூரில் இருந்த பழைய யூனிட்டில் இருந்தேன். காலையில் அவளிடமிருந்து ஃபோன்.

"எக்கா, உள்ள விட மாட்டேங்குது. நீங்க ஏற்கெனவே உள்ளதான் இருக்கீங்கன்னு சொல்லுது. நான் வெளியதாம்க்கா நிக்கேன்."

"உருண்டையை அமுக்குனியா?"

"கை தானா அதுக்குத்தாம்க்கா போவுது."

இது சரிப்படாது, அந்த உருண்டையையே அவள் திரையிலிருந்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "நல்லாக் கேட்டுக்க கண்ணு. பேனல்ல மொதல் பட்டன் வேண்டாம், எடுத்துரு. ரெண்டாவது பட்டன் மட்டும் இருந்தாப் போதும்" என்றேன். எப்படி எடுப்பது என்பதைத்தான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேனே.

சட்டப்படி அவள் தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னாள். "பேனல்ல முதல் பட்டன் வேண்டாம், எடுத்துரணும். ரெண்டாவது பட்டன் மட்டும் போதும்."

"ஆமா" என்றேன். ஃபோனை வைத்தோம்.

ஃபோனில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரும் ஆளில்லை நான். இதை உங்களுக்குக் கட்டளையாகவே சொல்வேன். முக்கியமான நாள், முக்கியமான மெஷின் என்றால் எழுந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து அருள்புரம் போய்ச் சேர்ந்தேன்.

ஃபினிஷிங் ஹாலுக்குள் நுழைந்ததும் ஏதோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பேக்கிங்குக்குத் தயாரான டி-ஷர்ட்டுகளை மறுபடியும் பிரித்துப் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நூல் வெட்டும் ட்ரிம்மரால் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பட்டன்கள் குவிந்திருந்தன. நடுவில் ஃபினிஷிங் சூப்பர்வைசர் துரைசாமி அண்ணன், பெண் வீட்டுக்காரர் மாதிரி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். வேலையில் புலி. மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ஏன் என்று கேட்காமல் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

"ஏனுங்க துரைசாமிண்ணா, என்ன நடக்குது?"

"பையர் கடேசி நேரத்துல மாத்திப்போட்டாங்க அம்மிணி. பேனல்ல மொதல் பட்டன் வேண்டாமாமா. ரெண்டாவது மட்டும் போதுமாமா. கொழந்தைக துணியில்லீங்க, கழுத்துல குத்துமாட்ட இருக்குது. ஜெசிந்தா ஃபோன்ல திருப்பிச் சொன்னப்ப மாடிப்படில வந்துட்டு இருந்தனுங்க. அது கீழ வந்து சொல்றதுக்குள்ள நாமளே ஆரம்பிச்சுப்போடலாம்னு ஆரம்பிச்சுட்டனுங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்கும் எனக்கும் பேனல் என்றால் திரையின் அடியில் ஓடும் பட்டை. பனியன் கம்பெனியில் பேனல் என்றால் வெட்டிய துணி. முன்பக்கத் துணி ஃப்ரண்ட் பேனல், முதுகுத் துணி பேக் பேனல். தைப்பதற்கு முன் அவற்றைச் சோதிக்க பேனல் செக்கிங் என்று தனியாக ஒரு டிபார்ட்மென்டே உண்டு. பட்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஹாலில் நின்று பேனல், பட்டன் என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால், கம்ப்யூட்டர் நினைவுக்கு வரக்கூடிய ஒரே ஜீவன் நான்தான்.

முதலில் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். பிறகு மேசை மேல் கிடந்த பீஸ்களைப் பார்த்தேன், இது யாருடைய ஆர்டர் என்பது உறைத்தது. "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். கத்தல் கேட்டு மாடியிலிருந்து ஜெசிந்தா தடதடவென்று இறங்கி வந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். துரைசாமி அண்ணன் நம்பவேயில்லை. "கம்ப்யூட்டர்ல பட்டனா? கம்ப்யூட்டர்ல பேனலா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு பட்டன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா மேசைப் பக்கம் போனாள். ஒரு பீஸை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பட்டன் இருந்த இடத்தில், நூலை வெட்டி உருவிய வேகத்தில், பொடிப்பொடியாக ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதில் ஓட்டை இல்லை. அடுத்ததில் இருந்தது.

"அம்மிணி, நீங்க வெப்சைட்ல முழுசாப் போட்டுருங்க" என்றார் துரைசாமி அண்ணன் ஜெசிந்தாவிடம். "நான் பட்டனை மறுபடி கட்டிக் குடுத்தர்றனுங்க. வெளிய ஒண்ணுமே தெரியாது."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "எக்கா, போட்டுரட்டுமா?"

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். "போட்டுரு" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. முழு எண்ணிக்கையைப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவள் டேபிள் அவளுக்கே இருக்கும். குறைத்துப் போட்டால் ஆர்டர் சுத்தமாகப் போகவில்லை என்று எம்.டி.க்குத் தெரிந்துவிடும். பிரவுசரைத் திறப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். திறந்த பிறகு அதில் என்ன எண்ணைப் போடுவது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

அவள் கையிலிருந்த பீஸை இன்னொரு தடவை பார்த்தாள். "வேண்டாம்ண்ணே. ஓட்டை விழுந்த எடத்துல பட்டன் தச்சா நிக்காது. பச்சப்புள்ள இழுத்தா கையோட வந்துரும், வாயில போட்டுக்கிடும். இத நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். "எம்.டி.கிட்ட சொல்லிட்டுதான் நம்பர் போடுவேன்."

துரைசாமி அண்ணனுக்கு அது தெரியாததல்ல. அவர் பேத்திக்குப் பால்பல் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தலையை ஆட்டிவிட்டு, "வாங்க, நானும் வர்றனுங்க" என்றார்.

மூன்று பேரும் எம்.டி. அறைக்குப் போனோம். அவர் ஃபோனும் கையுமாக இருந்தார். ஜெசிந்தா நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஓட்டை விழுந்த பீஸை மேசை மேல் வைத்தாள்.

"யாரு சொன்னது?" என்றார் எம்.டி.

"என் வாயில வந்ததுதான் சார்" என்றாள் ஜெசிந்தா.

"என்ற காதுல கேட்டதுங்க" என்றார் துரைசாமி அண்ணன்.

"வார்த்தை என்னோடதுங்க" என்றேன் நான்.

எம்.டி. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பீஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சட்டம் போட்ட அவர் மேல்கூட ஒரு பங்கு உண்டு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஜெசிந்தா, நீ செக்கிங் டேபிளுக்குப் போ" என்றார். அதற்குள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, போங்கள் என்று எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெசிந்தா நேராகத் தன் டேபிளுக்குப் போனாள். பையை எடுத்தாள், டிபன் பாக்ஸை எடுத்து உள்ளே வைத்தாள். மானிட்டர் ஓரத்திலிருந்த மாதா படத்தை நகத்தால் கிழியாமல் உரித்து எடுத்தாள். படியிறங்கிப் போனாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்தத் தடவை கோபம் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. எம்.டி.யின் அறைக் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"இது நாயமாங்க? உண்மையச் சொன்னதுக்குத் தண்டனையா? முழுசாப் போட்டுட்டுப் பேசாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? இனிமே இந்தக் கம்பெனில எவளாச்சும் வந்து உண்மையச் சொல்லுவாளா? அந்தப் புள்ளையக் கொண்டுபோய் மறுபடி நிக்க வெக்கறதுன்னா எனக்கும் சேத்துக் கணக்கை முடிச்சுருங்க."

எம்.டி. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை அதிசயமாகப் பார்த்தார். "ஏனுங்க இப்படிச் சத்தம் போடறீங்க? எந்தப் பீஸ்ல ஓட்டை, எந்தப் பீஸ் தேறும்னு பாக்கோணுமா இல்லீங்களா? ஜெசிந்தாவை விட்டா வேற யாரு பாப்பாங்க அந்தக் கண்ணோட? பாத்துட்டு வந்து நம்பரைப் போடட்டும்."

"அப்ப அந்தப் புள்ளையோட டேபிள்?"

"அது அங்கயேதானுங்க இருக்குது. டேபிள் எங்கீங்க போகும்?"

மீதிப் பாதியை இப்போதுதான் சொல்கிறார் மனிதர். "பையர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆர்டர் கொறைஞ்சாலும் சுத்தமாத்தான போகுது?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். கையெடுத்துக் கும்பிடுவதா, மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவர் தலையில் ஊற்றுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

கீழே போனபோது ஜெசிந்தா செக்கிங் டேபிளில் நின்று பீஸ்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தேறுவது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அது துணியில் விழாதபடி தோளில் துடைத்துத் துடைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். காதருகே போய் எம்.டி. சொன்னதைச் சொன்னேன். கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பொறவு ஏம்க்கா அப்படிச் சொன்னாரு?" என்றாள். "அவரு அப்படித்தான் கண்ணு, உனக்குத் தெரியாதா?" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பீஸை வெளிச்சத்தில் பிடித்தாள். துரைசாமி அண்ணன் தேறிய பீஸ்களை வாங்கி, பட்டன் மெஷினில் தானே உட்கார்ந்து தைத்தார்.

மாடியில் இன்னொரு வேலை காத்திருந்தது. வெப்சைட் ஒருவழியாகத் திறந்துவிட்டது. ஆனால் திறந்து சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும், மறுபடி உள்ளே போக என்ன பாடு படுத்துமோ தெரியாது. அதனால் நான் ஜெசிந்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவ்வப்போது மௌஸை அசைத்து, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்வந்துகொண்டு அதை உயிரோடு வைத்திருந்தேன். இத்தனை வருஷப் படிப்பு, அனுபவம் எல்லாம் அந்த மத்தியானம் அதற்குத்தான் பயன்பட்டது. எனக்கு அதில் ஒரு குறையுமில்லை.

அதற்குப் பிறகு பேனல் என்ற வார்த்தையை நான் கம்பெனிக்குள் சொன்னதே இல்லை. பட்டை என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அதைக் கழுத்துப் பட்டி என்று கேட்டுத் தொலைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். "திரைக்கு அடியில இருக்கற ஈ" என்றுதான் கடைசி வரை சொன்னேன். நீங்களும் எங்கே வேலைக்குப் போனாலும், உங்கள் வார்த்தை அந்த ஊர்க் காதில் என்னவாக விழுகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் போய் வைரஸ் என்று கத்தாதீர்கள். ஆர்டர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குறைவாகத்தான் போனது. பையர் முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெசிந்தா படியேறி வந்தாள். தலையெல்லாம் பஞ்சு, விரலெல்லாம் நூல். கண் வீங்கியிருந்தது. செருப்பு கையில் இருந்தது. வந்து என் பக்கத்தில் நின்றாள். பையரின் வெப்சைட்டில் எண்ணைப் போடும் கட்டம் திரையில் காலியாக இருந்தது.

"எத்தனைன்னு சொல்லு கண்ணு. நானே அடிச்சர்றேன், நீ கொஞ்சம் உக்காரு" என்று பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்திரிங்கக்கா" என்றாள். "அது என் சேரு."